பொருளியல் ஆய்வுக்குப் பணம்: விழுப்புரத்துப் பிள்ளைகளுக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எம்.ஏ. பொருளியல் முடித்து ஆய்வுக்குப் போகிறவர்கள் முதலில் குறிவைக்க வேண்டியது யுஜிசி நெட் தேர்வின் ஜே.ஆர்.எஃப். தகுதி. முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

வயது வரம்பு 30. பெண்கள், பட்டியலினத்தவர், ஓ.பி.சி. பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாநில அரசின் பி.சி. சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஜே.ஆர்.எஃப். நழுவினாலும், பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். உதவித்தொகை இருக்கிறது.

தலைப்புக்கு அலையவே வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு 1916-ல் ஆராய்ந்த கிராமங்களில் இந்த மாவட்டத்து இருவேல்பட்டும் ஒன்று. 2008 வரை ஆய்வாளர்கள் பலமுறை அங்கே திரும்பி வந்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் கடன், கூலிவேலை பற்றி இப்பகுதியில் வீடுவீடாகக் கணக்கெடுத்திருக்கிறது. ஒப்பிடப் பழைய தரவு கிடைக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்தால் ஆய்வு முன்வரைவுக்குத் தனி கனம் வரும்.

நெட் ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. அறிவிப்பு வரும்வரை காத்திராமல் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.