கடல் கடந்த கணவனும் பேசி முடித்த மணமும்: காரைக்காலம்மையார் புராணமும் புலம்பெயர் காதல் நகைச்சுவைப் படங்களும்

ஆய்வுச்சுருக்கம்

பெற்றோர் பேசி முடிக்கும் திருமணத்தையும் புலம்பெயர்ந்தோரின் அடையாளச் சிக்கலையும் ஒருசேர எடுத்தாளும் காதல் நகைச்சுவைப் படங்கள் மணமக்களின் மனம் ஒன்றுபடுவதை இலக்காகக் கொண்டவை. சேக்கிழாரின் காரைக்காலம்மையார் புராணமோ மணத்தில் தொடங்கிக் கணவனின் கடற்பயணத்தால் பிரிவை நோக்கி நகர்கிறது. இவ்விரு கதைமரபுகளையும் ஒப்பிட்டு, படங்கள் சொல்லாது விடும் கைவிடப்பட்ட மனைவியின் நிலையைப் புராணம் பதிவு செய்திருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால், புனிதவதியார், பொருள்வயிற் பிரிவு, கரணம், புலம்பெயர்வு, நகைச்சுவைப் படம்.

முன்னுரை

காவிரிப் படுகையின் கடலோரத்தில் அமைந்த காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று அதன் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க இடமளிக்கப்பட்டது. அவ்வாறு அறிவித்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இரு நாடுகளுக்கிடையே உறவு பேணி வருகின்றனர். இத்தகைய ஊரில் மணமகன் யார் என்ற வினாவோடு அவன் எந்நாட்டுக் குடிமகன் என்ற வினாவும் இயல்பாகவே இணைகிறது. கடலும் திருமணமும் பிணைந்த இவ்வூரின் பழங்கதை புனிதவதியார் வரலாறேயாகும்.

1. புராணத்தில் பேசி முடித்த மணம்

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியபுராணம், இத்திருமணத்தை வணிகக் குடிகளின் உடன்பாடாகவே காட்டுகிறது. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குப் பெண் கேட்டு முதியோர் வருகின்றனர். காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தன் இசைகிறான். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, மணமக்களைக் காரைக்காலிலேயே தனிமனையில் குடியமர்த்திப் பெரும்பொருளும் வழங்குகிறான். மணமகள் கணவன் ஊருக்குச் செல்லும் வழக்கம் இங்கு மாறி, மணமகனே இடம்பெயர்கிறான். இப்பேச்சில் புனிதவதியாரின் கருத்து எவ்விடத்தும் கேட்கப்படவில்லை.

மாங்கனி நிகழ்ச்சி இல்லறத்தின் திருப்புமுனை. கணவன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றை அடியவருக்குப் படைத்த அம்மையார், எஞ்சியதைக் கணவனுக்கு இடுகிறார். அவன் மற்றதையும் கேட்க, இறையருளால் கிடைத்த கனியைத் தருகிறார். சுவை வேறுபட்டதால் கணவன் வினவுகிறான். அம்மையார் உண்மையை மறைக்காமல் உரைக்கிறார். மெய்ப்பிக்கக் கேட்டபோது வந்த கனி அவன் கையில் மறைகிறது. அவர் வாய்மையே அவரது இல்வாழ்வைக் குலைக்கிறது என்பது இங்கு நுணுகி நோக்கத்தக்கது.

2. பிரிவும் மறைப்பும்

அஞ்சிய பரமதத்தன் தன் எண்ணத்தை மனைவிக்கோ சுற்றத்துக்கோ வெளியிடவில்லை. கடல் வாணிகம் என்னும் ஏற்கத்தக்க காரணத்தைக் கூறிக் கலம் ஏறுகிறான். பொருள்வயிற் பிரிவு தமிழ் அகமரபு ஒப்புக்கொண்ட பிரிவு. பெண்ணோடு கடற்பயணம் மேற்கொள்ளும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியமும் கூறுகிறது. ஆகவே கணவன் தனியே செல்வதை எவரும் ஐயுறவில்லை. மரபின் இசைவே கைவிடுதலுக்குத் திரையாக அமைந்துவிடுகிறது.

பொருளீட்டித் திரும்பியவன் காரைக்காலுக்கு வராமல் பாண்டிநாட்டுத் துறைநகர் ஒன்றில் தங்கி, முதல் மணத்தை மறைத்து வேறொரு வணிகன் மகளை மணக்கிறான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். காரைக்காலில் அம்மையாரோ அவன் வருகையை எதிர்நோக்கி இல்லறம் காக்கிறார். செய்தி அறிந்த சுற்றத்தார் அவரைச் சிவிகையில் அழைத்துச் செல்ல, பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் அவர் அடியில் வீழ்கிறான். அவனது வழிபாட்டில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வழிபாடு மனைவிக்குரிய உரிமையை நிலையாகப் பறித்தும் விடுகிறது. இந்நிலையில்தான் அம்மையார் தாமே முடிவெடுக்கிறார். கணவன் பொருட்டுத் தாங்கிய அழகுடலை நீக்கிப் பேய்வடிவு வேண்டுகிறார். மணப்பேச்சில் கேட்கப்படாத குரல் இங்கு முழுமையாக ஒலிக்கிறது.

3. நகைச்சுவைப் படங்களின் தீர்வு

மௌலி இயக்கிய ‘நள தமயந்தி’ (2003) படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரன் ராம்ஜி ஆஸ்திரேலியா செல்கிறான். அங்கே தங்குவதற்காக அவன் செய்யும் ஒப்பந்தத் திருமணம் மெய்யன்பாகக் கனிகிறது. நாடிழந்து பிரிந்த நளனின் கதையும் நளபாகமும் தலைப்பிலேயே நினைவூட்டப்படுகின்றன. டாம் டே இயக்கிய ‘வெட்டிங் சீசன்’ (2022) படத்தில் அமெரிக்காவில் வாழும் ஆஷாவும் ரவியும் பெற்றோரின் வற்புறுத்தலைத் தவிர்க்கக் காதலராக நடித்து, பின்னர் உண்மையிலேயே காதல் கொள்கின்றனர்.

இரண்டிலும் பொய்யே கதையை நகர்த்துகிறது. அப்பொய் அன்பாக மாறுகையில் பார்வையாளர் நகைத்து மகிழ்கின்றனர். ஆனால் இப்பொய்யில் இருவரும் சமபங்காளிகள். பரமதத்தனின் மறைப்பில் ஒருவரே அறிந்தவர், மற்றவர் அறியாதவர். நகைச்சுவை பிறப்பதும் அவலம் பிறப்பதும் இவ்வேறுபாட்டால்தான்.

4. கரணமும் பதிவும்

பொய்மையும் குற்றமும் தோன்றிய பின்னரே மணச்சடங்காகிய கரணம் வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியர் விளக்குவார். காரைக்கால் வட்டாரத்தில் சட்டமும் இக்காவற்பணியை ஏற்றது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைத் துறந்தோர் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்பட்டனர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இத்தகையோருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என 1968ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்தது. ஆகவே ஒரே தெருவில் ஒரே சடங்கோடு நிகழும் இரு திருமணங்கள் வெவ்வேறு சட்டங்களின்கீழ் அமையக்கூடும்.

வெளிநாட்டு மணமகனால் கைவிடப்படும் பெண்களின் சிக்கல் இன்றும் தீரவில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் திருமணங்களைப் பதிவு செய்வதற்கான சட்டமுன்வரைவு 2019இல் மாநிலங்களவையில் முன்வைக்கப்பட்டது. இந்தியச் சட்ட ஆணையம் 2024இல் அளித்த தனது 287ஆம் அறிக்கையில் இத்தகைய திருமணங்களுக்குக் கட்டாயப் பதிவைப் பரிந்துரைத்தது. மறைப்பு கண்டு கரணம் வகுத்த பழைய நோக்கே இதிலும் தொடர்கிறது.

முடிவுரை

ஆனித் திங்கள் முழுநிலவையொட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் மக்கள் ஆண்டுதோறும் புனிதவதியாரின் திருமணத்தை நடத்துகின்றனர்; வீதியுலாவில் மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். முடிவு தெரிந்தும் ஊரார் அத்திருமணத்தை மகிழ்ந்து கொண்டாடுவது, மணத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் அதன் நொறுங்குந்தன்மையையும் ஒருங்கே உணர்த்துகிறது. புலம்பெயர் நகைச்சுவைப் படங்கள் அந்நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கடல் கடந்த திருமணத்தில் உண்மையை அறியும் உரிமை இருவருக்கும் சமமாக உண்டா என்னும் வினாவைப் பெரியபுராணமே முன்வைக்கிறது. புலம்பெயர் திருமணம் பற்றிய ஆய்வுகள் இப்புராணத்தைப் பக்தி வரலாறாக மட்டுமன்றி, கைவிடப்பட்ட மனைவியின் வரலாறாகவும் கொள்ளுதல் பொருந்தும்.