நினைவு இழந்த மனிதர் யார்?

மாணவர்களே! உங்கள் நண்பரை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறீர்கள்? முகம், குரல், நடை என்பீர்கள். இவை எப்போதும் போதுமா? இத்தாலியப் போலீசாரைத் திணறவைத்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

1926 மார்ச் மாதம், டூரின் நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் உலோகச் சாடியைத் திருடிய ஒருவர் பிடிபட்டார். பெயரும் ஊரும் நினைவில்லை என்றார். அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1927இல் அவருடைய படம் பத்திரிகையில் வெளியாயிற்று.

வெரோனா நகரத்தைச் சேர்ந்த ஜூலியா கனெல்லா என்ற பெண்மணி அப்படத்தைக் கண்டார். அவருடைய கணவர் பேராசிரியர் ஜூலியோ கனெல்லா. முதல் உலகப் போரில் 1916இல் மாசிடோனியாவில் காணாமற் போனவர். மருத்துவமனைக்குச் சென்று பார்த்த ஜூலியா, "இவரே என் கணவர்" என்றார். அம்மனிதர் அவருடன் அனுப்பப்பட்டார்.

சில நாட்களில் போலீசாருக்குப் பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. அவர் பேராசிரியர் அல்லர். மாரியோ புரூனேரி என்னும் அச்சுத் தொழிலாளி. போலீசார் தேடிவரும் குற்றவாளி என்றது கடிதம். புரூனேரியின் மனைவியை வரவழைத்தார்கள். அவரும், "இவர் என் கணவர்தான்" என்றார்!

ஒரு மனிதர், இரு மனைவியர். எவர் சொல்வது உண்மை? பிரிந்து பத்தாண்டு ஆனால் முகம் மாறும். ஏக்கம் நிறைந்த கண்ணுக்கோ, மாறிய முகமும் பழைய முகமாகத் தோன்றலாம். ஆகவே ஏக்கமே அறியாத ஒரு சாட்சி தேவைப்பட்டது. அதுதான் விரல் ரேகை.

புரூனேரி முன்பே தண்டனை பெற்றவர். அவருடைய ரேகைகள் ரோமாபுரியில் பதிவாகியிருந்தன. ஆனால் குவிந்து கிடக்கும் தாள்களில் ஒன்றை எப்படித் தேடுவது? அதற்கு ஜொவான்னி காஸ்தி என்ற இத்தாலியப் போலீஸ் அதிகாரி ஒரு முறை வகுத்திருந்தார். ஒவ்வொரு விரலின் ரேகை வகைக்கும் ஓர் இலக்கம். பத்து விரலுக்கும் பத்து இலக்கங்கள். அந்த எண் வரிசைப்படி தாள்களை அடுக்கி வைத்தால், நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் எளிதில் எடுத்துவிடலாம். ஒப்பிட்டபோது, மருத்துவமனை மனிதரின் ரேகைகளும் புரூனேரியின் ரேகைகளும் ஒன்றாகவே இருந்தன.

இச்சாட்சியை ஏன் நம்பலாம்? தாயின் வயிற்றில், ஆறாம் மாதத்திற்குள்ளாகவே விரல் நுனியில் இம்மேடுகள் அமைந்துவிடுகின்றன. இவற்றின் அமைப்புத் தோலின் ஆழத்தில் உள்ளது. ஆதலால் மேல்தோல் தேய்ந்தாலும் பழைய வடிவமே மீண்டும் வளர்கிறது. பரம்பரை மட்டுமன்றி, கருப்பையில் விரலுக்கு நேரும் சிறு சிறு அழுத்தங்களும் வடிவத்தை மாற்றுகின்றன. எனவேதான் உருவொத்த இரட்டையர்க்கும் ரேகைகள் வேறுபடுகின்றன.

வளைவு, கண்ணி, சுழி என ரேகைகள் மூன்று பெருவகை. வகை ஒத்திருந்தால் மட்டும் போதாது. பலருக்கும் ஒரே வகை இருக்கும். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்னும் நுண்புள்ளிகள் இடம் மாறாமல் ஒத்திருக்க வேண்டும்.

நீங்களே பாருங்கள். காகிதத்தில் பென்சிலை அழுத்தித் தீட்டி, அதில் விரலைத் தேய்த்து, விரல்மீது செலோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, உங்கள் ரேகையிலுள்ள நுண்புள்ளிகளை எண்ணுங்கள். பிறகு நண்பருடைய ரேகையோடு ஒப்பிடுங்கள்.

வழக்கு என்னவாயிற்று? அவர் புரூனேரியே என்று 1931இல் நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தது. ஜூலியா அதை ஏற்கவில்லை. அவருடன் பிரேசில் நாட்டுக்குக் குடியேறினார். அம்மனிதர் 1941இல் அங்கேயே இறந்தார். 2014இல் இரு கிளை வாரிசுகளின் டி.என்.ஏ. சோதிக்கப்பட்டது. அவர் கனெல்லா அல்லர் என்பதே அதன் முடிவும்.

ஜூலியாவின் அன்பை எந்தச் சோதனையாலும் அளக்க முடியாது. ஆனால் "இவர் யார்?" என்ற கேள்விக்கு விடை சொல்ல அன்பு மட்டும் போதாது, சான்று வேண்டும். அறிவியல் கற்பிக்கும் பாடம் இதுவே.