பத்தே இருக்கைகள்

ஜப்பான் நாட்டின் தலைநகரான டோக்கியோவில் கின்சா என்னும் பகுதி உண்டு. அங்கே ஒரு கட்டடத்தின் நிலவறையில், சுரங்க இரயில் நிலையத்தை ஒட்டி, 'சுகியபாஷி ஜிரோ' என்னும் உணவகம் அமைந்துள்ளது. அதில் இருப்பவை பத்தே இருக்கைகள். நீண்ட மரப்பலகையின் ஒருபுறம் உண்போர் அமர்வர். மறுபுறம் சமையற்கலைஞர் நின்று, அவர்கள் கண்ணெதிரே உணவை ஆக்கித் தருவார்.

1925இல் பிறந்த ஜிரோ ஓனோ இதனை 1965இல் தொடங்கினார். 2014இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவும் இங்கு வந்து உணவருந்தினார்.

உணவுப்பட்டியலைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் இங்கில்லை. 'ஒமாகசே' என்பர். 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்பது அதன் கருத்து. பரிமாறப்படுவது சுஷி. காடி கலந்த சோற்றை விரலளவு பிடித்து, அதன்மேல் மீன்துண்டை வைத்துத் தருவர். பச்சை மீனா என்று முகம் சுளிக்க வேண்டா! இறாலை வேகவைப்பர், சில மீன்களை உப்பிலும் காடியிலும் ஊறவைப்பர், பேய்க்கணவாயை மென்மையாகும்வரை முக்கால் மணி நேரம் கையால் பிசைவர்.

சோறு உடற்சூட்டளவு வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே வைத்தவுடன் உண்ணவேண்டும். கல்லிலிருந்து எடுத்த தோசையை ஆறவிட்டால் அம்மா கடிந்துகொள்வார் அல்லவா? அதே கவலைதான் இங்கும். சுஷியைக் கையால் எடுத்து உண்பதும் அங்கே முறையானதே.

உண்பவரை ஜிரோ உற்று நோக்குவது வழக்கமாக இருந்தது. இடக்கைப் பழக்கமுடையவர் எனக் கண்டால், அடுத்த சுஷியை அவர் கைக்கு எளிதாக இடப்புறம் வைத்தார். இவ்வளவு கூர்ந்து நோக்கப்படும்போது உண்ண எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும்!

இத்தொழிலைக் கற்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கைதுடைக்கும் துண்டுகளைக் கொதிநீரில் நனைத்துப் பிழியவே பழகுவார். 2011இல் வெளிவந்த ஆவணப்படத்தில் ஒரு மாணவர் தம் அனுபவத்தைக் கூறுகிறார். முட்டை அடை செய்ய அவருக்கு அனுமதி கிடைத்தது. நாளுக்கு நான்காக, இருநூறுக்கும் மேற்பட்ட அடைகள் மறுக்கப்பட்டன. சில மாதங்கள் கழித்து ஒருநாள், "இதுதான் சரி" என்று ஜிரோ ஏற்றுக்கொண்டார். அவர் கண்களில் நீர் பெருகியது.

சொற்பொருள்
நிலவறை – தரைக்குக் கீழுள்ள அறை
காடி – புளிக்கவைத்த நீர்மம்
பேய்க்கணவாய் – எட்டுக் கைகளையுடைய கடல்வாழ் உயிரி
கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல்

பயிற்சி
1. 'ஒமாகசே' என்பதன் கருத்து யாது?
2. சுஷியை உடனே உண்ணவேண்டும் என்பது ஏன்?
3. மாணவரின் கண்களில் நீர் பெருகியதற்குக் காரணம் என்ன? உம் சொற்களில் எழுதுக.
4. உம் பாட்டியிடமோ அம்மாவிடமோ, அவர் எந்த உணவைச் சரியாகச் செய்ய நெடுநாள் ஆயிற்று என்று கேட்டறிந்து, எட்டு வரிகளில் எழுதுக. ஊரில் இருப்பவராயின் தொலைபேசியில் கேட்கலாம்.