மின்னாக்கியை எங்கே பொருத்துவது?

மாணவர்களே, மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் காரில் பொருத்தி ஓட்டுவோர் உண்டு என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தில் இது பலர் விரும்பிச் செய்யும் பொழுதுபோக்கு ஆகும். காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸ் நிறுவனம், 1957ஆம் ஆண்டில் லோட்டஸ் செவன் என்னும் எளிய இரு இருக்கைக் காரை வெளியிட்டது. அதனைப் பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளவும் முடிந்தது. அவ்வடிவத்தைப் பின்பற்றும் கார்கள் இன்றும் அந்நாட்டு வீட்டுக் கொட்டகைகளில் உருவாகின்றன. இவற்றைக் ‘கிட் கார்’ என்பர். நம் நாட்டிலும் பொறியியல் மாணவர்கள், கோயம்புத்தூரில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக, மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய சிறு பந்தயக் கார்களைத் தாமே உருவாக்குகின்றனர்.

கிட் கார்களுக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கப்படும் எஞ்சின்களுள் ஒன்று, 1999இல் வெளிவந்த சுசுகி ஹயபுசாவினுடையது. ‘ஹயபுசா’ என்பது ஜப்பானிய மொழியில் பைரி என்னும் வல்லூறைக் குறிக்கும். பெயருக்கேற்ற விரைவு! சாதாரணக் கார் எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகளை எட்டுவதற்குள் களைத்துவிடும். இத்தகைய எஞ்சினோ 10,000 சுற்றுகளையும் கடந்து சுழலும். எடையும் குறைவு.

ஆனால், இரவில் மழை பெய்யும்போது ஓர் இடர் தோன்றுகிறது. முகப்பு விளக்குகள் இரண்டுக்கும் 110 வாட், குளிர்விப்பு விசிறிக்கு 100, எரிபொருள் பம்புக்கு 60, பற்றவைப்புக்கும் எரிபொருள் தெளிப்புக்கும் 60, கண்ணாடித் துடைப்பானுக்கு 40, பின்விளக்கு முதலியவற்றுக்கு 50 எனக் கொள்வோம். மொத்தம் 420 வாட். மோட்டார் சைக்கிளின் மின்னாக்கி நல்ல வேகத்தில் சுழலும்போது ஏறத்தாழ 300 முதல் 400 வாட் தரும். எஞ்சின் மெல்ல ஓடும்போது அதில் ஒரு பகுதியே கிடைக்கும். பற்றாக்குறையை மின்கலம் ஈடுசெய்யும். அதுவும் தீர்ந்தால் விளக்கு மங்கும். எரிபொருள் தெளிப்பு தடுமாறும். இருட்டில், நடுச்சாலையில் கார் நின்றுவிடும். ஆகவேதான் கார்களுக்குரிய ஆல்டர்னேட்டரைப் பொருத்த முனைகின்றனர். 40 ஆம்பியர் தரும் சிறிய ஆல்டர்னேட்டர்கூட 14 வோல்ட்டில் 560 வாட் வழங்கும்.

இரண்டுமே 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால் இயங்குபவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் நிலைக்காந்தம் சுழல்கிறது. அதன் வலிமையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மிகுதியான மின்சாரம் வெப்பமாக வீணாகும். கார் ஆல்டர்னேட்டரிலோ மின்காந்தம் சுழல்கிறது. தேவைக்கேற்ப அதன் வலிமை மாற்றப்படுவதால், வேண்டிய அளவே மின்சாரம் பிறக்கும். அம்மின்காந்தத்தை முதலில் தட்டியெழுப்புவது, காரின் முகப்பில் உள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கின் வழியே பாயும் சிறு மின்னோட்டம். அவ்விளக்கை வெறும் அடையாளம் என எண்ணி விட்டுவிட்டால், எல்லாம் சரியாகப் பூட்டப்பட்டிருந்தும் ஆல்டர்னேட்டர் உறங்கிக் கிடக்கக்கூடும்.

இனி, இதனை எதனோடு இணைத்துச் சுழற்றுவது? கார் எஞ்சினின் முன்புறத்தில் வார்ப்பட்டை ஓடுவதற்குக் கப்பி இருக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சினில் அஃது இல்லை. வழிகள் இரண்டு.

எளிய வழி, சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நீள்தண்டில் கப்பியை மாட்டுவது. சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர், பின்னச்சின் பற்சக்கர விகிதம் 3.9 என்க. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,600 முறை சுழலும். 20 கிலோமீட்டரில் 720 முறையே சுழலும். சிக்னலில் நின்றாலோ சுழற்சியே இல்லை. காற்று வீசாமல் நிற்கும் அந்நேரத்தில்தான் விசிறிக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும்! ஓயாது ஓடும் பந்தயத் தடத்திற்கு இவ்வழி போதும். நகரச் சாலைக்குப் பொருந்தாது.

மற்றொன்று, எஞ்சினின் கிராங்க் தண்டை வெளியே நீட்டி, அதன் முனையில் கப்பியைப் பூட்டுவது. பழைய நிலைக்காந்தத்தை அகற்ற வேண்டும். மூடியைத் துளைத்து, எண்ணெய் கசியாதிருக்க சீல் வைக்க வேண்டும். கடைசல் பட்டறையில் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. பயனோ பெரிது: எஞ்சின் ஓடும்வரை மின்சாரம் உண்டு.

இங்கே கணக்குத் தவறினால் ஆபத்து. பல ஆல்டர்னேட்டர்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 18,000 சுற்றுகள் வரையே தாங்கும். கார்களில் எஞ்சின் ஒருமுறை சுழல, ஆல்டர்னேட்டர் இரண்டரை முறை சுழல்வது வழக்கம். அதே விகிதத்தை 10,500 சுற்றுகள் சுழலும் எஞ்சினுக்கு வைத்தால் 26,250 ஆகிவிடும். உள்ளிருக்கும் கம்பிச் சுருள் பிய்த்தெறியப்படும். விகிதத்தை 1.5 ஆகக் குறைத்தால் உச்சத்தில் 15,750. எஞ்சின் 1,200 சுற்றுகளில் மெல்ல ஓடும்போது 1,800. அந்நிலையிலும் ஓரளவு மின்சாரம் கிடைக்கும். கிராங்க் தண்டில் 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்பியும் ஆல்டர்னேட்டரில் 60 மில்லிமீட்டர் கப்பியும் இவ்விகிதத்தைத் தரும். இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும். கோணினால் பட்டை தேய்ந்து நழுவும்.

சொற்பொருள்

மின்னாக்கி – மின்சாரம் உண்டாக்கும் கருவி. ஆல்டர்னேட்டர் அதன் ஒரு வகை. கப்பி – பட்டையோ கயிறோ ஓடும் பள்ளமுடைய சக்கரம். வார்ப்பட்டை – பெல்ட். இடர் – துன்பம். கடைசல் – உலோகத்தையோ மரத்தையோ சுழலவிட்டுச் செதுக்கும் வேலை.

பயிற்சி

1. நகரச் சாலையில் ஓடும் காருக்கு நீள்தண்டு வழி ஏன் பொருந்தாது? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. கிராங்க் தண்டின் கப்பி 100 மி.மீ., ஆல்டர்னேட்டரின் கப்பி 50 மி.மீ. எனில், எஞ்சின் 10,500 சுற்றுகளில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் எத்தனை முறை சுழலும்? அது தாங்குமா?

3. மின் + ஓட்டம் = மின்னோட்டம். ‘ன்’ இரட்டித்ததை நோக்குக. இவ்வாறு மேலும் இரு சொற்களைச் சேர்த்தெழுதுக: மின் + ஆக்கி, கண் + ஆடி.

4. உங்கள் ஊரில் பழுதுநீக்கும் கடைக்காரர் ஆல்டர்னேட்டரை எப்பெயரால் அழைக்கிறார்? கேட்டறிந்து, அவர் மொழியிலும் தமிழிலும் எழுதி வருக.