ஒரே ஹெட்ஃபோன், வேறு வேறு காது

கேள்வி: சென்ஹைசர் எச்டி 800 ஹெட்ஃபோனை நானும் நண்பரும் கேட்டுப் பார்த்தோம். அவர் "என்ன தெளிவு!" என்கிறார். எனக்குக் காதைக் குத்துகிறது. யார் சொல்வது சரி?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: இருவர் சொல்வதும் சரி. 2009-இல் வந்த அந்த ஹெட்ஃபோனில் 6,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தூக்கலாக இருக்கும். பாடுகிறவரின் 'ஸ' உரசல் கூர்மையாவது அந்தப் பகுதியில்தான். பின்னர் வந்த எச்டி 800 எஸ் மாடலில் நிறுவனமே அந்தத் தூக்கலைத் தணித்தது. ஆகவே குத்துவது உங்கள் பிரமை அல்ல.

நண்பர் காது வேறு. காதுமடலும் செவிக்குழாயும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், ஒரே ஒலி செவிப்பறையை அடையும்போது அளவு மாறிவிடுகிறது. வயது ஏற ஏற உச்ச ஒலிகளே முதலில் மங்கும். கண்ணாடி அணிபவருக்குக் காதுறை சரியாகப் படியாது. அதனால் சில ஹெட்ஃபோன்களில் கீழ்ச்சுருதி கசிந்து, மேல்சுருதி எடுப்பாகத் தெரியும்.

எனக்குக் கவலை வேறு. உங்கள் பக்கத்தில் மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். இயந்திர இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பகுதியை. அப்படிப் பழுதான காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ சட்டென்று குத்தும். இருவரில் யாராவது அத்தகைய வேலையில் இருந்தால், ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்புத்திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

காது நலமென்றால், ஈக்வலைசரில் 6,000 ஹெர்ட்ஸை மூன்று நான்கு டெசிபல் குறைத்து, பழகிய பாட்டைத் தணிந்த ஒலியில் அரைமணி நேரம் கேளுங்கள். அப்போதும் உறுத்தினால் வாங்க வேண்டாம்.