பொதுச் சாவிக்கொத்தும் தனிச் சாவியும்

டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் அமைப்புகளில் மென்பொருள்கள் பெரும்பாலும் களஞ்சியங்களிலிருந்தே பெறப்படுகின்றன. எந்தெந்தக் களஞ்சியத்தை நாடவேண்டும் என்பது கணினியிலுள்ள மூலப் பட்டியல்களில் எழுதப்பட்டிருக்கும். 'ஆப்ட்' என்னும் நிரல் அப்பட்டியல்களைப் படித்து அட்டவணைகளைப் புதுப்பிக்கும்போது சில சமயம் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. எச்சரிக்கையினால் வேலை நின்றுவிடுவதில்லை. ஆகவே பலரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

ஒரே களஞ்சியம் இரண்டிடங்களில் குறிக்கப்பட்டுள்ளது என்னும் எச்சரிக்கை தீங்கற்றது. எக்கோப்பில் எத்தனையாவது வரி என்பதையும் ஆப்ட் கூறிவிடும். இரண்டில் ஒன்றை நீக்கினால் போதும். சாவி பழைய பொதுக் கொத்தில் இருக்கிறது என்னும் எச்சரிக்கையோ அத்தகையதன்று. 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04-ஐ உபயோகிப்போர் இதனைப் பெரிதும் கண்டிருப்பர்.

களஞ்சியத்தின் தலைமைக் கோப்பில் அதனை நடத்துவோரின் மின்னியல் கையொப்பம் இருக்கும். அக்கோப்பில் அட்டவணைகளின் சரிபார்ப்பு எண்களும், அட்டவணைகளில் ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பின் சரிபார்ப்பு எண்ணும் அடங்கியுள்ளன. எனவே கையொப்பம் ஒன்று மெய்யானால் தொடர் முழுவதும் மெய்யாகும். கையொப்பத்தைச் சோதிப்பதற்கு உரியதே சாவி. முன்னாளில் எல்லாச் சாவிகளும் ஒரே கொத்தில் சேர்க்கப்பட்டு வந்தன. அக்கொத்திலுள்ள எச்சாவியும், தனிச் சாவி குறிக்கப்படாத எக்களஞ்சியத்திற்கும் செல்லும். உபுண்டு 22.04-இன் முதன்மைக் களஞ்சிய வரிகளில் அத்தகைய குறிப்பு இல்லை. ஆகையால் ஒரு சிறு மென்பொருளுக்காகச் சேர்த்த சாவியின் மறைபகுதி களவு போய், இடைவழியில் கோப்புகளை மாற்றவல்லவர் கையிற் சிக்குமாயின், முதன்மைக் களஞ்சியத்தின் பெயரால் வரும் போலியையும் கணினி ஏற்றுக்கொள்ளும்.

சிலர் சாவியைப் பொதுக் கொத்திலிருந்து எடுத்து, அதனையடுத்துள்ள நம்பிக்கைச் சாவிகளின் அடைவில் வைத்துவிடுகின்றனர். எச்சரிக்கை மறைகிறது, குறை மறைவதில்லை. அவ்வடைவும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவானதே. கையொப்பச் சோதனையையே நிறுத்திவிடும் குறிப்பை எழுதுவது இன்னும் கேடானது.

முறையான வழி வேறு. சாவியின் 40 குறிகள் கொண்ட அடையாளத்தை, களஞ்சியத்தை நடத்துவோர் அறிவித்துள்ளதுடன் முதலில் ஒப்பிட வேண்டும். பின்பு அச்சாவியை மட்டும் தனிக் கோப்பாக்கி, ஆப்ட் அமைப்பின் 'கீரிங்ஸ்' அடைவில் வைக்க வேண்டும். இரும வடிவிலுள்ள சாவிக்கு 'ஜிபிஜி' என்றும், எழுத்து வடிவிலுள்ளதற்கு 'ஏஎஸ்சி' என்றும் பெயரின் ஈறு அமைதல் அவசியம். மூலப் பட்டியலில் அக்களஞ்சியத்திற்குரிய பகுதியில் 'ஸைன்ட்-பை' என்னும் குறிப்பை எழுதி, கோப்பின் முழுப் பாதையையும் தரவேண்டும். இறுதியாகப் பொதுக் கொத்திலிருந்து பழைய சாவியை நீக்கலாம். உபுண்டு 24.04-இல் முதன்மைக் களஞ்சியத்திற்கே இக்குறிப்பு இயல்பாக அமைந்துள்ளது.

இவ்வளவும் செய்தபின், சாவி கிடைக்கவில்லை என்று ஆப்ட் முறையிடுவதுண்டு. சோதனையைச் செய்வது நிர்வாகி அன்று. மிகக் குறைந்த உரிமையுடைய ஒரு தனிப் பயனர் கணக்கு. சாவிக் கோப்பை எல்லோரும் படிக்குமாறு அனுமதி அளிக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பார்த்து, அதன் பிறகே பாதையின் எழுத்துக்களைச் சரிபார்க்கலாம்.