கம்பி இல்லாமல் கணக்கு போகுமா?

கடைகளில் கார்டு தேய்க்கும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது வங்கியைக் கேட்டுத்தான் பணம் வாங்கும். முன்பு தொலைபேசிக் கம்பி வழியாகக் கேட்டது.

கம்பி வந்தது குரலைக் கொண்டு போவதற்கு. அதில் எண்கள் எப்படிப் போகும்? கருவிக்குள் மோடம் உண்டு. அது எண்களை ஒலியாக மாற்றும். 'கீ... கர்ர்' என்று சத்தம் வரும். மறுமுனையில் இன்னொரு மோடம் அதை மீண்டும் எண்களாக்கும். ஃபேக்ஸ் கருவியும் இப்படித்தான்.

பிறகு செல்பேசி வந்தது. 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசினார். அதுவே இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு.

பழைய கருவியைச் செல்பேசியோடு இணைத்தால் போதாதா? போதாது. செல்பேசி குரலைச் சுருக்கி அனுப்புகிறது. அப்போதுதான் பல பேர் ஒரே நேரத்தில் பேச முடியும். பேச்சுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். நம் காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. மோடத்தின் ஒலியோ சிதைந்துவிடும். கருவி திரும்பத் திரும்ப முயலும். வாங்க வந்தவர் காத்து நிற்பார்.

அதனால் சிம் போடும் கருவி வந்தது. அதில் கீச்சொலி கிடையாது. எண்கள் எண்களாகவே, டேட்டா வழியாகப் போகின்றன. தள்ளுவண்டியிலும் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் இதை வாங்குவதாக இருந்தால், 2ஜியா 4ஜியா என்று கேளுங்கள். 2016-இல் சேவை தொடங்கிய ஜியோவில் 2ஜி கிடையாது. 2ஜி மட்டும் உள்ள கருவியில் அந்த சிம் வேலை செய்யாது. கடையின் உள்மூலையில் சிக்னல் எட்டுகிறதா? காசு கொடுக்கும் முன்பு அங்கேயே வைத்து ஒரு முறை தேய்த்துப் பாருங்கள்.